கீழ்ப்படி

பக்கத்துக்கு இருபது சென்ட்.
இருமலுக்கும் செருமலுக்கும்
மூச்சு வாங்குவதற்கும் காசு கிடையாது.
"வார்த்தைகள் மட்டும் போதும், மிஸஸ் லிண்ட்வால்"
என்றார் பேராசிரியர்.
தலையாட்டினேன்.
தலையாட்டுவது ஒலிநாடாவில் பதிவதில்லை.

ரேசின் நகரம், பிப்ரவரி.
மிச்சிகன் ஏரி கரைவரை உறைந்து கிடக்கிறது.
கல்லூரியின் அடித்தளத்தில் வெப்பக் குழாய்
விட்டுவிட்டுத் தட்டுகிறது,
உள்ளே எவரோ அகப்பட்டதுபோல.

காதில் கருவி, காலடியில் மிதி.
மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும்.
உருளையில் மூன்று தாள், இடையிடையே கரித்தாள்:
மேற்படி பேராசிரியருக்கு,
நடுப்படி நிதி கொடுப்பவர்களுக்கு,
கீழ்ப்படி அலமாரிக்கு.
கீழ்ப்படியில் எழுத்துகள்
சாம்பலில் விரல் வைத்ததுபோல் இருக்கும்.

சொற்பட்டியலை ஒருவர் வாசிக்கிறார்.
அடுத்த அறையில் இருப்பவர் தவறாகச் சொன்னால்
அவர் காதுக்குள் இரைச்சலைக் கூட்ட ஒரு குமிழ்.
ஒன்று முதல் இருபது வரை.

"இன்னும் கூட்டணுமா?"
"தயவுசெய்து தொடருங்கள்."
"அவர் கத்துகிறாரே."
"தயவுசெய்து தொடருங்கள்."
"பொறுப்பு உங்களுடையதுதானே?"
"என்னுடையதுதான்."
"சரி."

அந்தச் 'சரி'யை ஒரே நாளில்
நாற்பது தடவை அடித்தேன்.
கொடியவர்களின் குரல் எப்படி இருக்கும்
என்று கேட்கும் ஆசையும் இருந்தது எனக்கு.
இவர்களோ
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திருகுகிறார்கள்.

அடுத்த அறையில் எவருக்கும் வலிக்கவில்லை.
அங்கே இருப்பவர் டயர் விற்கும் எம்மெட் கோலார்ஸ்.
அலறி முடித்ததும் அவித்த முட்டை உரிப்பார்.
ஒருநாள் எனக்கும் ஒன்று தந்தார்.
உப்பு இல்லை.

நாடா பதினேழு, மருத்துவமனையில் சலவை வேலை பார்ப்பவள்.
ஐந்தாம் எண்ணில்,
"மாட்டேன்."
"ஆய்வுக்கு இது அவசியம்."
"நாலு மணிக்கு என் பையனுக்குப் பள்ளி விட்டுவிடும்."
நாற்காலி தரையில் உரசுகிறது.
கதவு.
மொத்தம் அரைப் பக்கம், பத்து சென்ட்.
இருபதுவரை போனவர்கள்
பதினொரு பக்கம் பேசினார்கள்.
அந்த மாத வாடகையை
அவர்கள்தான் கட்டினார்கள்.

நாடா முப்பத்தொன்று.
பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.
ஆனால் அந்தக் குரல்
தினமும் காலை ஏழேகாலுக்கு
நான்காம் எண் பேருந்தின் கதவைத் திறந்து,
"படி வழுக்கும், பார்த்து ஏறுங்க" என்று சொல்லும் குரல்.
ஹார்லன் வெசெலி.

பதினான்கு.
எம்மெட் சுவரை அறைகிறார்.
"தயவுசெய்து தொடருங்கள்."
பிறகு ஒன்றுமில்லை.
மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேனோ
என்று குனிந்து பார்த்தேன். எடுக்கவில்லை.
நாடா ஓடிக்கொண்டுதான் இருந்தது.
எச்சில் விழுங்கும் சத்தம்.
விக்கல்போல ஒரு சிரிப்பு.
சுவர்க் கடிகாரத்தில் எண்ணினேன்:
நாற்பத்தொரு விநாடி.

"சரி."

பதினைந்து.

தாளில் பார்த்தால்
'தொடருங்கள்', அதற்கு அடுத்த வரியில் 'சரி'.
நடுவில் ஒரு மயிரிழைகூட இல்லை.
யோசிக்காத மனிதர் என்பார்கள், படிப்பவர்கள்.

மூன்றையும் உருவினேன்.
கீழ்ப்படியை மட்டும் திரும்பச் செருகி
இரண்டு வரிகளுக்கு இடையில்
நெருக்கி அடித்தேன்:
நாற்பத்தொரு விநாடி. மூச்சு. சிரிப்பல்லாத சிரிப்பு.

மேற்படியில் அடிக்கவில்லை.
அடித்தால் என்ன ஆகியிருக்கும்?
எவரும் என்னை மிரட்டியதில்லை;
அவர் குரலை உயர்த்தியதுகூட இல்லை.
நானும் கேட்டதில்லை.
இதை மீறல் என்று சொல்ல
நாக் கூசுகிறது.
அலமாரிக்கு ஒரு சாவி. அது அவரிடம்.

மறுநாள் ஏழேகால்.
கதவு திறந்தது. வெந்நீர்க் காற்று முகத்தில் அடித்தது.
"படி வழுக்கும், பார்த்து."
"சரி" என்றேன்.
இரண்டாம் இருக்கை.
ஏரிப்பக்கம் வளையும் இடத்தில்
கையுறை போட்ட அவர் கை
சக்கரத்தை
மெல்ல
மெல்லத் திருக,

என் வலது கால்
இல்லாத மிதியைத் தேடியது.